கடல் கடந்து படித்த கமக்காரர் மகள்

எமது கிராமக் கூட்டங்களில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. பெரும்பாலும் அதைக் கேட்பவர் ஒரு தாயாகவே இருப்பார். "பிள்ளையைப் படிப்பிச்சு வெளியில அனுப்பினால், அது பிறகும் எங்கட பிள்ளையாய் இருக்குமோ?" தகப்பன்மார் அதையே வேறு விதமாகக் கேட்பார்கள். "காணியும் போச்சுது, மாடும் போச்சுது. மிஞ்சினது இந்தப் பிள்ளைதான். அதையும் அனுப்பிப்போட்டு நாங்கள் என்ன செய்யிறது?"

இக்கேள்விகளை நாம் அற்பமாக எண்ணவில்லை. தோட்டத்தில் ஒரு கை குறைந்தால் என்ன நடக்கும் என்பது கமக்காரக் குடும்பத்துக்குத் தெரியும். வீட்டில் எவருமே பல்கலைக்கழக வாசலை மிதிக்காதபோது, முதன்முதலாகப் போகும் பிள்ளைக்கு வழி சொல்லவும் வீட்டில் ஆளில்லை. அது எங்கே போகிறது, என்னவாகத் திரும்பி வரும் என்பதெல்லாம் பெற்றோருக்கு இருட்டாகவே இருக்கும்.

ஆகவே இவ்விதழில் ஒரு பிள்ளையின் வாழ்க்கையைப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம். அவர் எமது நாட்டவர் அல்லர். ஆபிரிக்காவில் கென்யா நாட்டின் மலைப்பகுதிக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். பெயர் வங்காரி மாத்தாய். 2004ஆம் ஆண்டு சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர். அப்பரிசைப் பெற்ற முதல் ஆபிரிக்கப் பெண்ணும் அவரே. ஆனால் பரிசுக்காக அவரை இங்கு எடுக்கவில்லை. அவருடைய தாயும் உங்களில் பலரைப் போல வீட்டைவிட்டு எழுப்பப்பட்டு, காவலுக்குள் அடைபட்ட குடியிருப்பில் வாழ்ந்தவர். அப்படிப்பட்ட தாயின் மகள் கடல் கடந்து படித்ததால் என்னவானார் என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

1. தாய் கொடுத்த பாத்தி

வங்காரி 1940ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் திகதி நியேரி மாவட்டத்தின் இஹிதே கிராமத்தில், கிக்கூயு இனத்தில் பிறந்தார். கென்யா அப்போது பிரித்தானியரின் ஆட்சியில் இருந்தது. நல்ல மண்ணுள்ள மலை நிலங்களில் பெரும் பரப்பை வெள்ளைக்காரக் குடியேறிகள் தம்வசம் வைத்திருந்தனர். வங்காரியின் தகப்பன் நக்குரு என்ற இடத்தில் அப்படியொரு துரையின் பண்ணையில் வேலை செய்தார். அங்கே பிள்ளைகளுக்குப் பாடசாலை இல்லை. 1947இல் தாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். ஆண்பிள்ளைகள் ஊரில் படித்துக்கொண்டிருந்ததே அதற்குக் காரணம்.

ஊரில் தாய் தன் தோட்டத்தின் நடுவே மகளுக்கென்று ஒரு சிறு பாத்தியை ஒதுக்கிக் கொடுத்தார். சோளமும் அவரையும் வற்றாளையும் அதில் வளர்ந்தன. விதைபோட்ட மறுநாளே முளைத்துவிட்டதா என்று மண்ணைக் கிளறிப் பார்ப்பாராம் சிறுமி. தாய் தடுத்து, விதையை மூடிவிடு, அது தன் பாட்டில் வெளியே வரும் என்று சொல்லிக் கொடுத்தார்.

வீட்டுக்குப் பக்கத்தில் பெரிய அத்தி மரம் ஒன்று நின்றது. எங்கள் ஊர் ஆல், அரசு, அத்தி ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த மரம் அது. அதிலிருந்து விறகு பொறுக்கக் கூடாது, அது கடவுளின் மரம் என்பது தாயின் கட்டளை. அதற்கு அருகே ஒரு நீரூற்று இருந்தது. சிறுமி அதில் தண்ணீர் அள்ளப் போவார். தவளை முட்டைகள் மணிகளைப் போல மிதக்கும். கோத்து மாலையாகப் போடலாமென்று கையில் எடுத்தால் கரைந்துபோகும்.

இவற்றை விளையாட்டுக் கதையாக எழுதவில்லை. இந்தப் பாத்தியும் மரமும் ஊற்றும் பின்னால் மீண்டும் வரும். வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளவும்.

2. அண்ணன் கேட்ட கேள்வி

பெண்பிள்ளைகள் வீட்டு வேலைக்கும் தோட்டத்துக்குமே உரியவர்கள் என்று இருந்த காலம். ஒருநாள் வங்காரியின் அண்ணன் தாயிடம், நாங்கள் எல்லாரும் பள்ளிக்குப் போகிறோம், தங்கச்சி ஏன் போவதில்லை என்று கேட்டார். தாய் கொஞ்சம் யோசித்தார். போகக்கூடாது என்பதற்குக் காரணம் ஒன்றும் அவருக்குத் தோன்றவில்லை. வங்காரி எட்டு வயதளவில் பாடசாலைக்குப் போனார்.

இந்த இடத்தில் சற்று நிற்போம். அந்தத் தாய் பாடசாலையில் படித்தவர் அல்லர். தண்ணீர் அள்ளவும் விறகு பொறுக்கவும் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கவும் மூத்த மகளின் உதவி அவருக்குத் தேவையாக இருந்தது. இருந்தும் விட்டார். வங்காரியின் வாழ்வில் பின்னால் நடந்த அத்தனைக்கும் ஒரு சிறுவனின் கேள்வியும் ஒரு தாயின் சம்மதமுமே தொடக்கம்.

பதினொரு வயதில் கத்தோலிக்க மிஷன் ஒன்றின் விடுதிப் பாடசாலைக்குப் போனார். அங்கே ஆங்கிலம் நன்றாக வந்தது. ஆனால் தாய்மொழியில் பேசிப் பிடிபடும் பிள்ளை, தன்னை முட்டாள் என்று காட்டும் வில்லையொன்றைச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். படிப்பு சில வேளைகளில் பிள்ளையைத் தன் வீட்டையே வெறுக்கப் பழக்குகிறது. இதை வங்காரி பிற்காலத்தில் வெளிப்படையாகவே எழுதினார்.

1952இல் பிரித்தானிய ஆட்சி கென்யாவில் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது. நிலத்துக்காகவும் விடுதலைக்காகவும் எழுந்த மௌ மௌ கிளர்ச்சியை அடக்குவதற்காக, கிக்கூயு மக்கள் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் தம் வீடுகளிலிருந்து எழுப்பப்பட்டு அகழியும் வேலியும் காவலும் சூழ்ந்த குடியிருப்புகளில் அடைக்கப்பட்டனர். வங்காரியின் தாயும் அப்படியொரு குடியிருப்பில் வாழ்ந்தார். சொந்தத் தோட்டம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் கிடக்க, அதற்குப் போக நேரமும் அனுமதியும் வேண்டியிருந்தது. மகள் விடுதியில் இருந்ததால் அவற்றில் பலவற்றைக் காணாமல் தப்பினார். ஆயினும் பதினாறு வயதளவில், விடுமுறைக்குத் தகப்பனைப் பார்க்கப் போன வழியில் பிடிக்கப்பட்டு இரண்டு நாட்கள் தடுப்பு முகாமில் வைக்கப்பட்டார். முகாம் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் விளக்கவேண்டி இருக்கவில்லை.

3. விமானம் ஏறிய நாள்

1959இல் வங்காரி லிமுரு என்ற இடத்திலுள்ள லொரேற்றோ கன்னியாஸ்திரிகளின் பாடசாலையில் உயர் வகுப்பை முடித்தார். பெண்பிள்ளை இவ்வளவு படித்தால் ஆசிரியை ஆகலாம், தாதி ஆகலாம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்பதே அன்றைய எண்ணம். ஆனால் நாடு விடுதலையை நெருங்கிக்கொண்டிருந்தது. நாட்டை நடத்தப் படித்தவர்கள் தேவைப்பட்டனர். தொழிற்சங்கத் தலைவர் டொம் ம்போயா அமெரிக்காவில் நண்பர்களைத் தேடி, கென்ய மாணவர்களை விமானத்தில் அங்கே அனுப்பும் ஒழுங்கைச் செய்தார். 1960இல் கெனடி குடும்பத்தின் நிதியம் அதற்குப் பணம் கொடுத்தது. 1959 தொடக்கம் 1963 வரை கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து ஏறத்தாழ 800 மாணவர்கள் இவ்வாறு போனார்கள். 1960 செப்டெம்பரில் போனவர்களில் வங்காரியும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 20.

அவர் சேர்ந்த இடம் கன்சாஸ் மாநிலத்தில் அற்சிசன் என்ற சிறு பட்டணம். அங்கே பெனடிக்ரைன் கன்னியாஸ்திரிகள் நடத்திய மவுண்ட் சென். ஸ்கொலாஸ்ரிக்கா கல்லூரியில் உயிரியலைப் பிரதான பாடமாகவும் அதனுடன் இரசாயனவியலையும் ஜெர்மன் மொழியையும் படித்தார். பெரிய நகரத்துக்குப் போகாமல், சுற்றிவரச் சோளக் காணிகள் உள்ள பட்டணத்துக்குப் போனது அவருக்கு நல்லதாகவே அமைந்தது.

ஆனால் போன புதிதிலேயே ஒன்றைக் கண்டார். நியூயோர்க்கிலிருந்து கன்சாசுக்கு பஸ்ஸில் போகும் வழியில் கறுப்பு மாணவர்கள் ஒரு கடையில் குளிர்பானம் குடிக்கப் போனார்கள். வாங்கலாம், ஆனால் உள்ளே இருந்து குடிக்க முடியாது, வெளியே போய்க் குடியுங்கள் என்றார்கள். சுதந்திரத்தின் நாடு என்று கேள்விப்பட்ட இடத்தில் இப்படி. செல்வம் மிகுந்த நாட்டிலும் நீதி தானாக வந்துவிடுவதில்லை என்பதை ஆரம்பத்திலேயே கண்ணால் கண்டுகொண்டார். இதுவும் கல்வியே.

4. அங்கே வளர்ந்தவை

ஐந்தரை ஆண்டுகள் அவர் அமெரிக்காவில் இருந்தார். 1964இல் முதற்பட்டம் பெற்றார். பின்னர் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் உயிரியலில் முதுமாணிப் பட்டப் படிப்பை முடித்தார். இடையில் 1963 டிசம்பரில் கென்யா விடுதலை பெற்றது. அந்த நாளை அவர் தூர தேசத்திலேயே கழித்தார். இக்காலத்தில் அவரில் வளர்ந்தவற்றை நான்காகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, கைத்திறன். விடுமுறைக் காலத்தில் வைத்தியசாலை ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்தார். உடல் இழையங்களை மெல்லிய சீவல்களாக வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்க்கத் தயார் செய்வது அங்கே பழகிய வேலை. செலவுக்குப் பணம் வேண்டிச் செய்த இந்த வேலையே பின்னர் சோற்றுக்கு வழி காட்டியது.

இரண்டாவது, காரணம் கேட்கும் பழக்கம். இது ஏன் இப்படி இருக்கிறது, எதனால் வந்தது, எப்படி நிச்சயப்படுத்துவது என்று கேட்பதே விஞ்ஞானக் கல்வி. நல்ல கமக்காரரும் இதையே செய்கிறார். இலை மஞ்சளானால் தண்ணீரா, பூச்சியா, பசளையா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். பல்கலைக்கழகம் இப்பழக்கத்தை ஒழுங்குபடுத்திக் கொடுக்கிறது.

மூன்றாவது, கெட்டதைத் திருத்தலாம் என்ற நம்பிக்கை. பிற்ஸ்பேர்க் உருக்குத் தொழிற்சாலைகளின் நகரம். புகையால் பகலிலும் இருண்டு கிடந்த காலம் அதற்கு இருந்தது. அந்தக் காற்றைச் சுத்தமாக்க நகர மக்கள் முயன்றுகொண்டிருந்ததை வங்காரி நேரில் கண்டார். கெட்டுப்போன சூழலை மனிதர் சேர்ந்து மீட்கலாம் என்பதை அவர் முதலில் அறிந்தது அங்கேதான்.

நான்காவது, தன் பெயர். ஞானஸ்நானத்திலும் பாடசாலையிலும் கிடைத்த பெயர்களால் அவர் மேரி ஜோசபின் என்று அறியப்பட்டிருந்தார். அமெரிக்காவில் மேரி ஜோ. ஊருக்குத் திரும்பும்போது, பிறந்தபோது வைத்த வங்காரி என்ற பெயரையும் தகப்பனின் முத்தா என்ற பெயரையும் மீண்டும் எடுத்துக்கொண்டார். விசுவாசத்தை அவர் விட்டுவிடவில்லை. தன்னை மறைக்கும் தேவையை விட்டார். தூரத்தில் நின்று பார்த்தபோதுதான் தான் யார் என்பது அவருக்குத் துலக்கமாகத் தெரிந்தது.

5. திரும்பி வந்தபோது அடைபட்ட கதவு

1966 தொடக்கத்தில், நைரோபியில் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி உதவியாளர் வேலை உண்டு என்ற கடிதத்துடன் திரும்பி வந்தார். வேலையை ஏற்கப் போனால், அதை வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று என்றார்கள். தான் பெண் என்பதும் இன்ன இனம் என்பதும் காரணம் என்று வங்காரி கருதினார். பட்டங்களும் நல்ல பெறுபேறும் கையில் இருக்க, சொந்த நாட்டில் வேலையில்லை.

இந்தக் கட்டத்தைப் பெற்றோரும் பிள்ளைகளும் கவனிக்க வேண்டும். குடும்பத்தில் முதலாவதாகப் படித்தவரிடம் எல்லாரும் உடனே பலனை எதிர்பார்ப்பார்கள். படித்துவிட்டால் எல்லாம் சரி என்று நாமும் பிள்ளைக்குச் சொல்லி வைத்திருப்போம். கதவு அடைபட்டால் பிள்ளை அதைத் தன் குற்றமென்றே எண்ணும். அந்நேரம் வீட்டில் கேட்கும் வார்த்தை மிக முக்கியம்.

சில காலத்தின் பின் ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த பேராசிரியர் ரைன்ஹோல்ட் ஹொஃப்மன், மிருக வைத்தியத் துறையில் உதவியாளர் ஒருவரைத் தேடினார். இழையங்களை வெட்டித் தயார்செய்யத் தெரிந்தவர் அவருக்கு வேண்டும். வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் பழகிய கை வங்காரியிடம் இருந்தது. படித்திருந்த ஜெர்மன் மொழியும் உதவிற்று. 1967இல் ஜெர்மனிக்கும் போய் ஆய்வு செய்தார். 1971இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். கிழக்கு, மத்திய ஆபிரிக்காவில் அப்பட்டத்தைப் பெற்ற முதற்பெண் அவர்.

6. உண்ணிகளைத் தேடிப் போனவர் கண்டது

இனித்தான் கதையின் மையத்துக்கு வருகிறோம். 1970களில் அவர் மாடுகளுக்கு வரும் ஒரு கொடிய காய்ச்சலைப் பற்றி ஆராய்ந்தார். உண்ணிகளால் பரவும் நோய் அது. நைரோபியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போய் மாடுகளின் காதுகளிலிருந்து உண்ணிகளைச் சேகரிப்பார். அப்படிப் போன இடங்களில் மாடுகளின் விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. மேய்ச்சலுக்குப் புல் இல்லை. மழை பெய்தால் ஆறுகள் செம்மண் கரைந்து ஓடின. மக்களும் வாடிப்போயிருந்தனர். மாட்டுக்கு உண்ணியைவிடப் பெரிய ஆபத்து, நிலம் கழுவுண்டு போவதே என்பது அவருக்குப் புலனாயிற்று.

தன் ஊருக்குப் போனார். காடு வெட்டித் தேயிலையும் கோப்பியும் நட்டிருந்தார்கள். அந்த அத்தி மரத்தைக் காணியின் புதிய சொந்தக்காரர் இடைஞ்சல் என்று தறித்துவிட்டிருந்தார். நீரூற்று வற்றிவிட்டது. தவளையும் இல்லை, முட்டையும் இல்லை. ஆழ வேரோடும் மரம் மழைநீரை நிலத்துக்குள் இறங்கவிடுகிறது, சரிவில் மண்ணைப் பிடித்து வைக்கிறது, அருகே ஊற்றைக் காக்கிறது என்பது விஞ்ஞானம் படித்தவருக்குத் தெரியும். தாய் இதை வேறு மொழியில் சொல்லியிருந்தார்: கடவுளின் மரம், தொடாதே.

தாயின் சொல்லை மூடநம்பிக்கை என்று தள்ள அவருடைய கல்வி போதியதாக இருந்தது. தள்ளாமல் அதன் உள்ளே இருந்த அறிவைக் கண்டுகொள்ளவும் அதே கல்விதான் உதவிற்று. ஊரைவிட்டே போகாமலிருந்தால் அந்த மாற்றம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து பழகிப் போயிருக்கும். போனவர் திரும்பி வராமல் விட்டிருந்தால் கண்டிருக்கவே மாட்டார். போனதும் வேண்டும், வந்ததும் வேண்டும், சிறுவயதில் அந்தப் பாத்தியில் மண்ணளைந்ததும் வேண்டும். மூன்றும் சேர்ந்தே அவருக்குக் கண்ணைக் கொடுத்தன.

7. படித்தவர் மீண்டும் படித்தது

கென்யத் தேசிய பெண்கள் பேரவையின் கூட்டங்களில் கிராமத்துப் பெண்கள் தம் குறைகளைச் சொன்னார்கள். விறகில்லை, நல்ல தண்ணீர் இல்லை, பிள்ளைகளுக்குச் சத்தான சாப்பாடு இல்லை. மரம் நடுவோமே என்றார் வங்காரி.

தொடக்கம் வெற்றியாக இருக்கவில்லை. அவர் முதலில் போட்ட நாற்றுமேடை தண்ணீர்த் தட்டுப்பாட்டால் தவித்தது. 1976இல் கனடாவில் நடந்த மாநாட்டுக்குப் போய்த் திரும்பியபோது நாற்றுக்கள் பட்டுப்போயிருந்தன. கலாநிதியின் நாற்றும் தண்ணீரில்லாவிட்டால் சாகும். மீண்டும் தொடங்கினார். 1977 யூன் 5ஆம் திகதி, உலகச் சுற்றாடல் தினத்தில், நைரோபியில் ஏழு மரங்களை நட்டார்கள். அதுவே பசுமைப் பட்டி இயக்கமாக வளர்ந்தது.

பெண்களுக்கு நாற்று வளர்ப்பைச் சொல்லிக்கொடுக்க வனத் திணைக்கள அதிகாரிகளை அழைத்தார். அவர்கள் நிலத்தின் சரிவு, சூரிய ஒளியின் கோணம் என்று பெரிய வார்த்தைகளில் விளக்கினார்கள். பெண்கள் ஒன்றும் விளங்காமல் இருந்தார்கள். அப்போது வங்காரி, சோளமும் அவரையும் வளர்க்கத் தெரிந்த உங்களுக்கு மரக்கன்று வளர்க்கத் தெரியாதா, உங்கள் புத்தியைப் பாவியுங்கள் என்றார்.

பெண்கள் பாவித்தார்கள். உடைந்த பானை, பழைய தகரம், எது கிடைத்ததோ அதில் மண்ணிட்டார்கள். ஆடும் கோழியும் எட்டாத உயரத்தில் வைத்தார்கள். எந்த மரம் எப்போது பூக்கிறது, எப்போது விதை விழுகிறது என்று கவனித்தார்கள். பெரிய மரங்களின் அடியில் தானாக முளைத்த கன்றுகளைக் கிளப்பி வந்தார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். சான்றிதழ் இல்லாத வன உத்தியோகத்தர்கள் என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. நட்டுப் பிழைத்த ஒவ்வொரு கன்றுக்கும் சிறு தொகை கொடுக்கப்பட்டது. நட்டதற்கு அல்ல, பிழைத்ததற்கு என்பதைக் கவனிக்கவும். 2004இல் நோபல் பரிசு கிடைத்தபோது மூன்று கோடி மரங்கள் வரை நடப்பட்டிருந்தன.

இடையில் அவர் பட்ட பாடுகள் பல. நைரோபியின் நடுவே மக்கள் கூடும் பூங்காவில் 60 மாடிக் கட்டடம் எழுப்பும் திட்டத்தை 1989இல் எதிர்த்தார். திட்டம் கைவிடப்பட்டது. அடியும் சிறையும் பழிச்சொல்லும் அவருக்கு வந்தன. 2002இல் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். 2011 செப்டெம்பர் 25ஆம் திகதி காலமானார். தன்னை மரப்பெட்டியில் அடக்கம் செய்ய வேண்டாம் என்று விரும்பியிருந்ததால், மூங்கிலும் நீர்த்தாவர நாரும் கொண்டு செய்த பெட்டியிலேயே அவர் உடல் வைக்கப்பட்டது.

8. எமக்கு என்ன பாடம்?

எல்லாப் பிள்ளைகளும் வங்காரி ஆவதில்லை. வெளிநாடு போய்ப் படித்து, திரும்பாதவர்களும் உண்டு. திரும்பியும் ஊரைப் பார்க்காதவர்களும் உண்டு. ஆகவே கதையைக் கேட்டு மயங்காமல், எமக்குப் பயன்படுவதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

காணியை இழந்த குடும்பம் எல்லாவற்றையும் இழந்துவிடவில்லை. எந்த மண்ணில் எது வளரும், எந்தக் காற்றுக்கு மழை வரும், குளக்கட்டில் மருதமரம் ஏன் நிற்கவேண்டும் என்ற அறிவு பெற்றோரிடம் இருக்கிறது. யுத்தம் 2009இல் முடிந்த பின்னரும் சொந்த வளவுக்குப் போக முடியாமல் இருக்கும் குடும்பங்களில், இந்த அறிவு பிள்ளைகளுக்குக் கைமாறாமலே போகிறது. தறப்பாள் கொட்டிலிலோ வாடகைக் காணியிலோ பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு வயலே தெரியாது. வங்காரியின் தாய் மகளுக்குக் கொடுத்தது ஒரு சிறு பாத்திதான். அந்தளவு நிலம் அநேகமாக எங்கும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஒரு பழைய வாளியாவது கிடைக்கும்.

இரண்டாவது பாடம் பிள்ளைகளுக்கு. உங்கள் தாய் தகப்பன் படிக்காதவர்கள் என்று சிநேகிதருக்கு முன்னால் வெட்கப்படும் நாள் வரலாம். வெட்கம் வருவது பாவமல்ல. அதிலேயே தங்கிவிடுவதுதான் நட்டம். நீங்கள் படிக்கும் பாடத்தை அவர்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாவிட்டால், அது இன்னும் உங்களுக்கே விளங்கவில்லை என்று அறிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது பாடம் பெற்றோருக்கு. பிள்ளை மாறித்தான் வரும். பேச்சு மாறும், உடுப்பு மாறும், சில கேள்விகள் உங்களைச் சுடும். மாறாமல் வரவேண்டும் என்றால் அனுப்பவே கூடாது. விதையைக் கிளறிக் கிளறிப் பார்த்தால் அது முளைக்காது என்பதை உங்களைவிட அறிந்தவர் யார்? பைபிளில் வரும் யோசேப்பும் அந்நிய நாட்டில் கற்றதைக் கொண்டே பஞ்ச காலத்தில் தன் வீட்டாருக்குத் தானியம் கொடுத்தார். ஆனால் சகோதரர் அவர் முன் வந்து நின்றபோது, அவர்களுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. உங்களுக்கும் சில நாள் அப்படி இருக்கலாம். பொறுத்திருங்கள்.

9. அனுப்ப எண்ணுபவர்கள் கவனிக்க

மேற்படிப்பு என்றவுடன் வெளிநாட்டை மட்டும் நினைக்க வேண்டாம். இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் முதற்பட்டப் படிப்புக்குக் கட்டணம் இல்லை. வசதி குறைந்த மாணவருக்கு மகாபொல போன்ற உதவிகள் உண்டு. இதை முதலில் முயன்று, பின்னர் முதுமாணிப் படிப்புக்கு வெளியே போவது பலருக்குப் பொருத்தமான வழி.

இடம்பெயர்வில் ஆவணங்கள் தொலைந்திருந்தால் இன்றே தேடத் தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும், பரீட்சைப் பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திலும் விண்ணப்பித்துப் பெறலாம். விண்ணப்ப முடிவு நாள் நெருங்கிய பின் ஓடினால் கிடைக்காது.

உண்மையான புலமைப்பரிசில் பிள்ளைக்குப் பணம் கொடுக்கும், பிள்ளையிடம் பணம் கேட்காது. மாணவர் விசா எடுத்துத் தருகிறேன், போனபின் வேலை செய்து கடனை அடைக்கலாம் என்று சொல்லும் முகவரிடம் காணி உறுதியையோ நகையையோ கொடுக்குமுன், பாடசாலை அதிபரிடமும் உங்கள் பங்குத்தந்தை அல்லது போதகரிடமும் காட்டி ஆலோசனை கேளுங்கள். இரவோடிரவாகப் பணம் கட்டச் சொன்னால் அதுவே எச்சரிக்கை.

குழுவாகக் கலந்துரையாட

1. வங்காரியைப் பாடசாலைக்கு அனுப்பச் சம்மதித்ததால் அவருடைய தாய்க்கு ஏற்பட்ட நட்டங்கள் எவை? எமது வீடுகளில் இதே நட்டத்தை யார் தாங்குகிறார்கள்?

2. எமது பெரியவர்கள் தொடாதே, வெட்டாதே என்று சொன்ன மரம், குளம், இடம் எவை? அவற்றுக்குப் பின்னால் உள்ள காரணம் என்னவாக இருக்கலாம்?

3. எமது ஊரிலிருந்து படிக்கப் போனவர் எவராவது திரும்பி வந்திருக்கிறாரா? நாம் அவரிடம் எதைக் கேட்டோம்? பணத்தை மட்டும் கேட்டோமா?

4. படித்து வேலை கிடைக்காத பிள்ளைக்கு நாம் வீட்டில் என்ன சொல்கிறோம்?

செய்து பார்க்க

அடுத்த இதழ் வருமுன், குழுவில் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் பாடசாலை செல்லும் பிள்ளைக்கு ஒரு பாத்தியோ ஒரு வாளி மண்ணோ ஒதுக்குங்கள். என்ன நடுவது என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும். விதைத்த நாள், முளைத்த நாள், பூச்சி வந்த நாள் ஆகியவற்றைக் கொப்பியில் எழுதட்டும். ஏன் என்ற கேள்வி வரும்போது அம்மம்மாவிடமும் கேட்கட்டும், விஞ்ஞான ஆசிரியரிடமும் கேட்கட்டும். இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். சேர்ந்து வாசிப்போம்.